வேலூர் வெயிலில் ஒரு கிளாஸ் ஏ ஆம்ப்

கத்திரி வெயில் நாட்களில் வேலூரில் மொட்டை மாடிக்குக் கீழே குடியிருப்பவர்களுக்குத் தெரியும், இரவு பத்து மணிக்கும் சுவரில் கை வைத்தால் சுடும். அப்படி ஒரு மே மாத இரவில் சத்துவாச்சாரியில் நண்பர் ஒருவரின் அறையில் உட்கார்ந்து நாதஸ்வரம் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆம்ப், அதாவது ஆம்ப்ளிஃபையர், அவரே கட்டியது. ஜான் லின்ஸ்லி ஹுட் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் 1969இல் வயர்லெஸ் வேர்ல்ட் இதழில் வெளியிட்ட பத்து வாட் கிளாஸ் ஏ சர்க்யூட். ஒரு சேனலுக்கு நான்கே டிரான்சிஸ்டர். சீவாளியில் மூச்சு படுவது வரை கேட்டது. பாட்டு முடிந்ததும், டிரான்சிஸ்டரின் சூட்டை வெளியே விடும் உலோகத் துண்டான ஹீட்சிங்கைத் தொட்டுப் பார்த்தேன். மூன்று எண்ணுவதற்குள் விரலை எடுக்க வேண்டியதாயிற்று. அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். பாட்டு எதுவும் ஓடவில்லை, சூடு மட்டும் அப்படியே இருந்தது. கல்லூரியில் படிக்கும் அவர் மகள் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கேட்டாள்: “பாட்டே பாடலையேப்பா, அப்புறம் எதுக்கு இது கரண்ட் இழுக்குது?”

அன்றைக்கு நாங்கள் சொன்ன பதில் அரைகுறை. முழுப் பதிலையும் சொல்லப் போனால் அந்த அறையைத் தாண்டி, திருவிழா மேடை வரைக்கும் போக வேண்டியிருக்கிறது.

ஆம்ப்ளிஃபையர் சத்தத்தைப் பெரிதாக்குகிறது என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் அது ஒரு குழாய்த் திருகு. பிளக்கிலிருந்து வரும் மின்சாரத்தை, மைக்கோ போனோ அனுப்பும் மெல்லிய சிக்னல் சொல்கிறபடி ஸ்பீக்கருக்குத் திறந்துவிடுகிறது. திருகுகிற வேலையை டிரான்சிஸ்டர் பார்க்கிறது. அது பாதி திறந்து நிற்கும் நேரத்தில் தடுத்து நிறுத்திய பங்கு அங்கேயே சூடாகிறது. பழைய ஃபேன் ரெகுலேட்டர் ஞாபகம் இருக்கிறதா? கனமான சதுரப் பெட்டி. ஃபேனை ஒன்றாம் நம்பரில் வைத்தால் ஃபேன் மெதுவாகச் சுற்றும், பெட்டி கொதிக்கும். அதே கதைதான் இங்கேயும்.

கிளாஸ் ஏ வகையில் டிரான்சிஸ்டர் ஒருபோதும் மூடுவதே இல்லை. கிரீன் சர்க்கிள் சிக்னலில் ஆக்ஸிலேட்டரை முறுக்கி வைத்துக்கொண்டு கிளட்சைப் பிடித்தபடி நிற்கும் வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பச்சை விழுந்ததும் துளித் தயக்கம் இருக்காது. அந்தத் தயக்கமின்மைக்காகத்தான் காது பழகியவர்கள் அதை விரும்புகிறார்கள், அது வீண் ஆசை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கு கடுமையானது. கிளாஸ் ஏயின் திறன், அதாவது இழுக்கும் மின்சாரத்தில் ஸ்பீக்கருக்குப் போய்ச் சேரும் பங்கு, ஏட்டுக் கணக்கிலேயே 50 சதவீதத்தைத் தாண்டாது, எளிய வடிவங்களில் 25தான். அதுவும் முழுச் சத்தத்தில். வீட்டில் நாம் சாதாரணமாகக் கேட்கும் சத்தத்துக்கு ஸ்பீக்கருக்குப் போவது ஒரு வாட்டோ அதற்கும் குறைவோதான். அப்போது திறன் ஒன்றிரண்டு சதவீதம். பாட்டு நின்றுவிட்டால் டிரான்சிஸ்டர் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே சுடும், ஏனென்றால் ஸ்பீக்கருக்குப் போய்க்கொண்டிருந்த பங்கும் இப்போது அதன் தலையிலேயே விழுகிறது. அந்தப் பெண்ணின் கேள்விக்கு நேரான பதில் இதுதான்.

அடுத்தது கிளாஸ் ஏபி. அலையின் மேல் பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்ப் பாதியை இன்னொன்றும் தூக்குகின்றன. கைமாறும் இடத்தில் தடுமாறாமல் இருக்க இரண்டிலும் கொஞ்சம் கரண்ட் எப்போதும் ஓடும். நாம் கடையில் வாங்கியதும் கையால் கட்டியதும் பெரும்பாலும் இந்த வகைதான். முழு ஆம்பையும் ஒரே சிப்பில் அடக்கிய எல்ஏ4440 ஐசி ஒன்றை வாங்கி, ஒரு 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரைச் சேர்த்து முதல் ஆம்பைக் கட்டி முடித்த அந்த நாளை எங்கள் பக்கம் ஐடிஐ படித்த பலரும் மறக்க மாட்டார்கள். சேனலுக்கு ஆறு வாட். தெரு முழுக்கக் கேட்டது போல் இருக்கும்.

அப்புறம் கிளாஸ் டி. ‘டி’ என்றால் டிஜிட்டல் என்று பலர் நினைக்கிறார்கள். ஏ, பி, சிக்கு அடுத்த எழுத்து, அவ்வளவுதான். இதில் டிரான்சிஸ்டர் பாதியில் நிற்பதில்லை: முழுக்கத் திறக்கும், முழுக்க மூடும். மூடியிருக்கும்போது கரண்ட் ஓடாது. திறந்திருக்கும்போது அதன் குறுக்கே வோல்ட்டேஜ் ஏறக்குறைய இருக்காது. இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் சூடு. இரண்டில் ஒன்று எப்போதும் பூஜ்யத்தை ஒட்டியே இருப்பதால் சூட்டுக்கு வழியே குறைவு. நொடிக்கு மூன்று நான்கு லட்சம் முறை இப்படித் திறந்து மூடுகிறது. திறந்திருக்கும் நேரம் கூடுவதிலும் குறைவதிலும் பாட்டு அடங்கியிருக்கிறது. கடைசியில் ஒரு காயிலும் கெபாசிட்டரும் அந்த வேகத் துடிப்பை வடிகட்டிப் பாட்டை மட்டும் ஸ்பீக்கருக்கு அனுப்புகின்றன. முழுச் சத்தத்தில் திறன் 90 சதவீதத்தை எட்டும்.

யோசனை பழையது. 1964லேயே இங்கிலாந்தில் சின்கிளேர் எக்ஸ்-10 என்ற பெயரில் இப்படி ஒன்றை விற்றார்கள். அந்தக் கால ஜெர்மானியம் டிரான்சிஸ்டருக்கு அந்த வேகம் வரவில்லை, தோற்றுப்போனது. மாஸ்ஃபெட் என்ற வேகமான டிரான்சிஸ்டர் வகை வந்த பிறகுதான் வழி திறந்தது. 2000களின் தொடக்கத்தில் பிலிப்ஸில் இருந்த புரூனோ புட்சேய்ஸ் வடிவமைத்த யூசிடி சர்க்யூட்டுக்குப் பிறகு, கிளாஸ் டி என்றாலே காதைக் குத்தும் என்ற பேச்சு மெல்லக் குறைந்தது. இப்போது காலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டர்கள் இன்னும் வேகமாகத் திறந்து மூடுகின்றன. நல்ல கிளாஸ் டி ஒன்றையும் நல்ல ஏபி ஒன்றையும் ஒரே சத்தத்தில் வைத்து, திரைக்குப் பின்னாலிருந்து போட்டால் எது எது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடிவதில்லை.

சரி, வீட்டுக் கணக்குக்கு வருவோம். சேனலுக்கு 30 வாட் தரும் ஸ்டீரியோ கிளாஸ் ஏ ஆம்ப் பிளக்கிலிருந்து சுமார் 200 வாட் இழுக்கும். தினம் நான்கு மணி நேரம் என்றால், இரண்டு மாதத்தில் 48 யூனிட். 2016 முதல் தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதில் ஏறக்குறைய பாதியைப் பாட்டே எடுத்துக்கொள்கிறது. அதே நான்கு மணி நேரத்துக்கு, சும்மா இருக்கையில் 40 வாட் எடுக்கும் ஏபி ஆம்ப் பத்து யூனிட்டுக்குள் முடிக்கும். 10 வாட் எடுக்கும் கிளாஸ் டிக்கு இரண்டரை யூனிட் போதும். நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. அந்த 48 யூனிட்டுக்கு 33 கிலோவுக்கு மேல். இதெல்லாம் தினம் நான்கு மணி நேரம் கேட்பவர் கணக்கு. கிளாஸ் ஏ சூடேறினால்தான் இனிமை என்று நாள் முழுக்க ஆஃப் செய்யாமல் வைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அதே இரண்டு மாதத்தில் 288 யூனிட். இதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அரை மணி நேரம் முன்னதாகப் போட்டால் போதும், ஆம்ப் நிலைக்கு வந்துவிடும்.

வெளிநாட்டுப் புத்தகங்களில் இல்லாத இன்னொரு கணக்கு வேலூருக்கு உண்டு. அந்த 200 வாட்டும் கடைசியில் அறைக்குள்தான் சூடாகத் தங்குகிறது. ஏசி ஓடும் அறை என்றால் அந்தச் சூட்டை வெளியே தள்ள இன்னும் 60 வாட்டாவது செலவாகும். ஏசி இல்லாத அறை என்றால் ஆம்புக்கே ஆயுள் குறையும். ஆம்புக்குள் மின்சாரத்தைச் சீராக்கும் மின்பகு கெபாசிட்டர்களுக்கு ஒரு விதி இருக்கிறது: வெப்பம் பத்து டிகிரி ஏறினால் ஆயுள் பாதியாகும். 85 டிகிரியில் 2000 மணி நேரம் தாங்கும் கெபாசிட்டர் 65 டிகிரியில் 8000 மணி நேரம் தாங்கும், 55இல் 16,000. லண்டனில் 20 டிகிரி அறையில் வாழ்ந்த அதே ஆம்ப், இங்கே 40 டிகிரி மாடி அறையில் நான்கில் ஒரு பங்கு காலத்திலேயே கெபாசிட்டர் உப்பி நிற்கும். நண்பர் இதைப் புரிந்துகொண்டார். இப்போது அந்த லின்ஸ்லி ஹுட் ஆம்பை மார்கழியிலும் தையிலும்தான் எடுக்கிறார். மற்ற மாதங்களுக்கு டிபிஏ3116 என்ற கிளாஸ் டி ஐசி வைத்த உள்ளங்கை அளவு போர்டு ஒன்றைப் பழைய டிபன் பாக்ஸ் அளவுப் பெட்டியில் பொருத்தி வைத்திருக்கிறார். கிளாஸ் ஏ இனி வாழப்போகிற விதம் இதுதான் என்று நினைக்கிறேன். தடை போட்டு ஒழிக்க வேண்டிய அளவுக்கு அது எண்ணிக்கையில் இல்லை.

டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழல் வால்வு ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கும் இதேதான். ஒரு இஎல்34 வால்வின் இழையைச் சூடாக்க மட்டுமே ஒன்பதரை வாட் வேண்டும், பாட்டு அதற்குப் பிறகுதான்.

ஆனால் ஆம்பை மட்டும் குறை சொல்லிக்கொண்டிருந்தால் பெரிய திருடனை விட்டுவிடுவோம். அது ஸ்பீக்கர். வீட்டில் வைக்கும் நல்ல ஸ்பீக்கர்கள் ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் அளவில் சத்தம் தருகின்றன. அதாவது நாம் கொடுக்கும் மின்சாரத்தில் ஒரு சதவீதம்கூட ஒலியாவதில்லை, மற்றதெல்லாம் ஸ்பீக்கரின் கம்பிச் சுருளான வாய்ஸ் காயிலில் சூடு. 97 டெசிபல் தரும் ஸ்பீக்கரை வைத்தால் அதே சத்தத்துக்குப் பத்தில் ஒரு பங்கு வாட் போதும். ஆம்பின் திறனை 60 சதவீதத்திலிருந்து 90 ஆக்கினால் மிச்சமாவது மூன்றில் ஒரு பங்கு. ஸ்பீக்கரில் மூன்று டெசிபல் கூடினாலே பாதி மிச்சம். ஸ்பீக்கர் வாங்கும்போது பெட்டியின் பின்னால் ‘சென்சிட்டிவிட்டி’ என்று போட்டிருக்கும் எண்ணை யாரும் பார்ப்பதில்லை. ‘எத்தனை வாட்’ என்றுதான் கேட்கிறோம்.

பழைய மைக் செட்காரர்கள் இதைப் பெயர் சொல்லாமலே கடைப்பிடித்தார்கள். வேப்ப மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு 105 டெசிபலுக்கு மேல் கத்தும். 250 வாட் அஹூஜா ஆம்ப் ஒன்றும் எட்டுக் குழாயும் இருந்தால் ஊர் முழுக்கக் கல்யாணம் தெரியும். அது குத்துகிற சத்தம், வேண்டாத தூரத்துக்கும் போய்த் தூக்கத்தைக் கெடுக்கும். கூம்பு ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு வந்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அதன் இடத்தில் நாம் எதைக் கொண்டுவந்தோம் என்று பார்க்க வேண்டும். குழாயில் பேஸ் கிடையாது. 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதில் ஒன்றும் வராது. மனிதக் காது அடித்தள ஒலியை மந்தமாகத்தான் கேட்கும், அதை உரக்கக் கேட்க வைக்கப் பல மடங்கு ஆற்றல் வேண்டும். மார்பில் வந்து இடிக்கிற பேஸ் வேண்டும் என்று கேட்க ஆரம்பித்த நாளில்தான் 250 வாட் பத்தாயிரம் வாட் ஆனது.

குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, சிவராத்திரி முடிந்து பாலாற்றங்கரையில் மயானக் கொள்ளை, தை பிறந்தால் ஊர் ஊராக மாடு விடும் விழா. நம் பக்கத்துக் கூட்டங்களில் நிற்கும் பாக்ஸ் அடுக்குகளைப் பார்த்திருப்பீர்கள். பத்தாயிரம் வாட் என்று எழுதியிருந்தாலும் பாட்டு எப்போதும் உச்சத்தில் இருப்பதில்லை. சராசரியாக எட்டில் ஒரு பங்கு, 1250 வாட் என்று வைத்துக்கொள்வது பொறியாளர்களின் வழக்கம். அந்த அளவில் கிளாஸ் ஏபியின் திறன் 28 சதவீதத்தைத் தாண்டாது. ஆக ஜெனரேட்டரிலிருந்து நாலரை கிலோவாட் இழுக்கும். கிளாஸ் டி என்றால் ஒன்றரை சொச்சம். ஆறு மணி நேர நிகழ்ச்சிக்கு 27 யூனிட் எங்கே, ஒன்பதரை யூனிட் எங்கே. டீசல் ஜெனரேட்டர் லிட்டருக்கு மூன்று யூனிட் தரும் என்று வைத்தால் ஒன்பது லிட்டருக்குப் பதில் மூன்று லிட்டர் சொச்சம். ஒவ்வொரு லிட்டர் டீசலும் 2.6 கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடாகிறது. ஆம்பின் எடையும் முப்பது கிலோவிலிருந்து பத்துக்குக் கீழே வருகிறது, டெம்போவில் ஏற்றி இறக்கும் பையன்களின் முதுகு தப்பிக்கிறது.

எனக்கு மனம் வலிக்கிற இடம் இதற்கு அடுத்து வருகிறது. மிச்சமான மூன்று கிலோவாட்டை நாம் மிச்சமாக விடுவதில்லை. இன்னும் நான்கு பாக்ஸ் ஏற்றுகிறோம். நிலக்கரியைச் சிக்கனமாக எரிக்கும் எந்திரம் வந்தால் நிலக்கரிச் செலவு கூடத்தான் செய்யும் என்று பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் ஜெவன்ஸ் 1865இல் சொன்னது இங்கே அப்படியே நடக்கிறது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று வரம்பு வைத்திருக்கின்றன. இரவு பத்து முதல் காலை ஆறு வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழா நாட்களுக்காக ஆண்டுக்குப் பதினைந்து நாள் வரை நள்ளிரவு வரைக்கும் அரசு தளர்த்தலாம். மருத்துவமனையைச் சுற்றி நூறு மீட்டரை அரசு அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். சிஎம்சி பக்கம் உறவினரைப் படுக்க வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்து இரவைக் கழித்தவர்களுக்கு அந்த நூறு மீட்டரின் அருமை தெரியும். சத்தத்துக்காகப் போட்ட விதிகள் இவை. ஆனால் ஆற்றலை மிச்சப்படுத்த இவற்றைவிடப் பெரிய சட்டம் நம்மிடம் இல்லை: மூன்று டெசிபல் குறைத்தால் ஸ்பீக்கருக்குப் போகும் மின்சாரம் பாதி, பத்து குறைத்தால் பத்தில் ஒன்று.

லாங்கு பஜார் பக்கத்துச் சந்து ஒன்றில் நான் முப்பது வருடமாகப் போகும் ரிப்பேர் கடை இருக்கிறது. போன மாதம் போனபோது மேஜையில் இரண்டு பெட்டிகள் திறந்து கிடந்தன. ஒன்று 2என்3055 டிரான்சிஸ்டர் போட்ட நாற்பது வயது ஆம்ப். மைக்கா தகட்டைத் துடைத்து, வெள்ளைப் பேஸ்ட் தடவி, புது டிரான்சிஸ்டரை முறுக்கிக்கொண்டிருந்தார். இன்னொன்று இரண்டு வருடம்கூட ஆகாத பார்ட்டி ஸ்பீக்கர். உள்ளே கிளாஸ் டி போர்டு, ஐசியின் மேலிருந்த எண்ணைச் சுரண்டி அழித்திருந்தார்கள். “பழசு வந்தா அரை நாள்ல எழுப்பிடலாம் சார். இதுல எந்த ஐசின்னே தெரியல, ரிச்சி ஸ்ட்ரீட் போனாலும் என்னன்னு கேட்பேன்?” என்றார். அது காயலான் கடைக்குத்தான் போகும். ஒரு கருவியைச் செய்யச் செலவான உலோகம், மின்சாரம், தண்ணீர் எல்லாம் அதோடு சேர்ந்து போகின்றன. திறன் 90 சதவீதம் என்ற பெருமை இரண்டு வருடத்தில் முடிந்துவிட்டால் அந்தக் கணக்கு எனக்கு நேராகவில்லை. ஆம்பின் எதிர்காலம் பற்றிப் பேசுகிறவர்கள் ஐசியின் எண்ணையும் சர்க்யூட் வரைபடத்தையும் வெளியிடச் சொல்லிக் கேட்க வேண்டும். பழைய பெட்டியையும் டிரான்ஸ்ஃபார்மரையும் வைத்துக்கொண்டு போர்டை மட்டும் மாற்றும் வேலையை எங்கள் ஊர் மெக்கானிக்குகள் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

ஸ்டாண்ட்பை பற்றியும் ஒரு வார்த்தை. ரிமோட்டில் ஆஃப் செய்த பிறகும் பத்து வாட் எடுக்கும் பழைய ஹோம் தியேட்டர் இரண்டு மாதத்தில் 14 யூனிட்டைத் தூக்கத்திலேயே தின்னும். ஐரோப்பாவில் 2013 முதல் இதற்கு அரை வாட்தான் வரம்பு. இங்கே நாம் செய்யக்கூடியது சுவர் சுவிட்சை அணைப்பது.

சில வருடங்களுக்கு முன் ஆரணி பக்கம் ஒரு கிராமத்தில் துரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து பார்க்கப் போயிருந்தேன். புரிசை போன்ற ஊர்கள் வளர்த்த கலை. மைக் இல்லாத காலத்தில் விடிய விடிய ஆயிரம் பேருக்குக் கேட்க வேண்டும் என்றே உச்சக் குரலில் பாடக் கற்றுக்கொண்டவர்கள். அன்றைக்கு மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. முகவீணை என்னவோ வாசிக்கிறது என்று விரல்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஜெனரேட்டர் சத்தத்தை மீற ஆம்பைக் கூட்டினார்கள், ஆம்பைக் கூட்டியதால் ஜெனரேட்டர் இன்னும் உறுமியது.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். கூத்துக்கு மார்பில் இடிக்கும் பேஸ் தேவையில்லை. நல்ல சென்சிட்டிவிட்டி உள்ள இரண்டு ஸ்பீக்கரும் 200 வாட் கிளாஸ் டி ஆம்பும் போதும். சராசரியாக 40 வாட், மிக்சருக்கும் மைக்குக்கும் இன்னொரு 40. ஒன்பது மணி நேரத்துக்கு 720 வாட் மணி. 2012 வாக்கில் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்த காலத்தில் எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு வாங்கி வைத்த இன்வெர்ட்டர் பேட்டரி, 12 வோல்ட் 150 ஆம்பியர் மணி, 1800 வாட் மணி பிடிக்கும். பாதிகூடச் செலவாகாது. அடுத்த நாள் ஒரே ஒரு சோலார் பேனல் வெயிலில் கிடந்தால் திரும்ப நிரம்பிவிடும், வெயிலுக்கு இங்கே குறைவில்லை.

எங்கள் தெரு ரேடியோ செட் அண்ணனிடம் சொன்னபோது முதலில் நம்பவில்லை. போன வாரம் அவர் கொல்லையில் சோதித்துப் பார்த்தோம். இரவு ஏழு மணிக்குத் தொடங்கி, பழைய கூத்துப் பதிவு ஒன்றை நான்கு மணி வரை ஓட விட்டோம். நிறுத்தி அரை மணி நேரம் கழித்து அவர் மீட்டரை வைத்தார். 12.2 வோல்ட். இன்னும் பாதி இருந்தது. பதினெட்டாம் போர் இரவுக்கு இதையே ஏற்றிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.